விஜயதசமிக் காலையில் ஒரு காபி

குற்றாலத்து மலைக்குக் கிழக்கே, வாழைத்தோப்பு முடிந்து பாறை தொடங்குகிற இடத்தில் ஓர் ஆசிரமம். ஆசிரமம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நாலு ஓட்டு வீடு, ஒரு கிணறு, ஒரு சமையல்கட்டு. அங்கே குருவாக இருந்தவர் உலகம்மை. வயது நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் எல்லாரும் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள், தலை நரைத்தவர்கள் உட்பட.

தலை நரைத்தவர்களில் ஒருவர் பூதலிங்கம். மின்வாரியத்தில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்து, போர்மேனாக ஓய்வு பெற்றவர். மனைவி காலமான பிறகு ஒரு டிரங்குப் பெட்டியோடு இங்கே வந்து சேர்ந்தார். அது ஆச்சு ஏழு வருஷம்.

வந்த அன்றைக்கு அம்மா அவர் கையில் ஒரு மஞ்சள் துணி முடிச்சைக் கொடுத்தார். உள்ளங்கையில் அடங்குகிற சின்ன முடிச்சு; புதிதாக வருகிற எல்லாருக்கும் அப்படி ஒன்று கொடுப்பார். "இது உங்களுக்கு" என்றார். அவ்வளவுதான்.

பூதலிங்கம் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நேரே பூஜை அலமாரியில் கொண்டுபோய் வைத்தார். வெள்ளிக்கிழமை தோறும் அதற்குச் சந்தனம், குங்குமம், ஒரு கண்ணிப் பிச்சிப்பூ.

ஆசிரமத்தில் ஒரு வழக்கம் உண்டு. விஜயதசமி அன்று அம்மா யாராவது ஒருவரைத் தன் அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் பேசுவார். அதைத்தான் உபதேசம் என்று மற்றவர்கள் சொல்லிக்கொள்வார்கள். போன வருஷம் ஒரு தையல்காரருக்குக் கிடைத்தது. அதற்கு முந்தின வருஷம் ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு. அவள் வந்து ஆறு மாசம்கூட ஆகவில்லை. உள்ளே போகும்போது அவளும் தன் மஞ்சள் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள். துணி கசங்கிக் கிடந்தது. ஓரத்தில் எண்ணெய்க் கறை வேறு.

'அம்மா கொடுத்ததை இப்படியா வைத்துக்கொள்வது' என்று பூதலிங்கத்துக்கு மனசு ஆறவில்லை. அவளுக்குக் கதவு திறந்ததே என்பது அதைவிட ஆறவில்லை.

இந்த வருஷம் விஜயதசமி விடிந்ததும், குளித்து, வேட்டியை மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டு அம்மாவின் முன்னால் போய் நின்றார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க ஐயா."

"ஏழு வருஷமா விடியக்காலம் எந்திரிக்கேன். சொன்ன இடத்துல உக்காருதேன். சொன்ன வேலையைச் செய்யுதேன். உள்ளுக்குள்ள ஒரு வெளிச்சமும் தெரியல. எனக்கு மட்டும் ஏன் இன்னும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கீங்க?"

அம்மா பயணத்துக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்குக் கார். போனால் தை மாசம்தான் திரும்புவார்.

"அந்த பெங்களூர் மெஷின்ல ஒரு காபி போட்டுக் கொண்டாங்க" என்றார். "குடிச்சிட்டுப் பேசுவோம்."

பூதலிங்கத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு காபி. அவ்வளவுதானே.

பெங்களூர் மெஷின் என்பது, பெங்களூரில் வேலை பார்க்கும் ஹேமலதா என்ற பக்தை போன மாசம் அனுப்பிவைத்தது. பாலும் வேண்டாம், வடிகட்டியும் வேண்டாம். கட்டைவிரல் அளவில் மூடி போட்ட ஒரு குப்பியை உள்ளே வைத்து, கைப்பிடியை இறக்கி, உச்சியில் இருக்கிற பொத்தானை அமுக்கினால் காபி இறங்கும். கேப்சூல் காபி என்று பேர். சமையல்கட்டை ஆளுகிற பேச்சியம்மாள் அதை மாத்திரைக் காபி என்பாள். மூன்று வேளையும் சாப்பாட்டுக்குப் பின் குடிக்கணுமா என்று கேட்பாள்.

பூதலிங்கம் பிளக்கைச் செருகினார். சுவிட்சைப் போட்டார். மெஷினின் பொத்தானை அமுக்கினார்.

ஒன்றும் இல்லை. எப்போதும் பொத்தானைச் சுற்றி வெள்ளை வெளிச்சம் மினுக்கும். இன்றைக்கு இல்லை.

மறுபடி அமுக்கினார். மெஷின் மூச்சு விடவில்லை.

"என்ன அண்ணாச்சி, மாத்திரை வேலை செய்யலையா?" என்றாள் பேச்சியம்மாள், தேங்காய் துருவிக்கொண்டே.

"கரண்ட் வரல போலிருக்கு."

"கரண்டு வராமலா இந்தக் காத்தாடி சுத்துது?"

பூதலிங்கம் அறைக்குப் போய் டெஸ்டரை எடுத்து வந்தார். பிளக் பாயிண்டில் வைத்தார். டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது. மிக்ஸியை அதே இடத்தில் செருகினார். மிக்ஸி ஊரைக் கூட்டியது. மெஷினைத் தூக்கிப்போய் பூஜை அறைப் பாயிண்டில் செருகினார். கிணற்று மோட்டார்ப் பாயிண்டிலும் செருகினார். ஊமை ஊமையாகவே இருந்தது.

அவருக்குச் சுவாரசியம் தட்டிவிட்டது. உபதேசம் கொஞ்ச நேரம் மறந்துகூடப் போனது. ஐப்பசி மழையில் கம்பத்தில் ஏறி, இருட்டிக் கிடந்த ஊர்களுக்கு வெளிச்சம் கொண்டுவந்த மனுஷன் அவர். கரண்ட் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்காமல் அவருக்குச் சோறு இறங்காது. ஒயரை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தார். பிளக்கைக் கழற்றி உள்ளே பார்த்தார். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. மெஷினைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைத் திறக்கலாம் என்றால், அந்தத் திருகு அவரிடம் இருந்த எந்த ஸ்குரூ டிரைவருக்கும் மசியவில்லை.

"ஆம்பிளைக்கு அடங்காத திருகு" என்றாள் பேச்சியம்மாள்.

எட்டரை மணிக்கு ஹேமலதாவுக்குப் போன் போட்டார்.

"அங்கிள், தண்ணித் தொட்டி சரியா உக்காந்திருக்கா? தூக்கித் திரும்ப வைங்க."

வைத்தார்.

"கைப்பிடியை மேல தூக்கி, முழுசா இறக்குங்க."

இறக்கினார்.

"பழைய குப்பி உள்ள மாட்டியிருக்கா பாருங்க."

இல்லை.

"சரி, பிளக்கைப் பிடுங்கி ஒரு பத்து நிமிஷம் சும்மா விடுங்க. அப்புறம் பொத்தானை நல்லா அமுக்குங்க."

பத்து நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். அமுக்கினார். இல்லை.

"அங்கிள், கூட ஒரு சின்னப் புத்தகம் அனுப்பினேனே. அதுல எல்லாம் போட்டிருக்கும்."

"அது பூஜையில இருக்கும்மா. நேத்து சரஸ்வதி பூஜைல்லா. அம்மா விளக்கேத்தி எடுக்கணும். அதுவரைக்கும் யாரும் புத்தகத்தைத் தொடக்கூடாது."

ஹேமலதா, "ஆபீஸ்ல கூப்பிடுறாங்க அங்கிள்" என்று வைத்துவிட்டாள்.

"இந்நேரம் சரஸ்வதி அதை வாசிச்சு முடிச்சிருப்பா" என்றாள் பேச்சியம்மாள். "மெஷினு எதுக்கு ஓடலைன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"நீ சும்மா இரு தாயி."

பத்து மணி ஆயிற்று. அம்மாவின் அறையில் பெட்டி மூடுகிற சத்தம் கேட்டது. இன்றைக்கு விட்டால் இன்னொரு வருஷம். அறுபத்தாறு வயசுக்கு ஒரு வருஷம் என்பது சின்னது இல்லை.

பேச்சியம்மாளுக்கே பாவமாகிவிட்டது. துருவியைத் தள்ளிவைத்துவிட்டு, டிகாஷனை இறக்கி, பாலில்லாமல் ஒரு டம்ளர் கலந்தாள். நுரை பொங்க ஆற்றி அவர் பக்கம் நகர்த்தினாள்.

"கொண்டு குடுங்க. மெஷின்ல போட்டதுன்னே சொல்லுங்க. அம்மா என்ன கம்பெனி வச்சா பரிசோதிக்கப் போறாவ?"

பூதலிங்கம் டம்ளரை எடுத்தார். வாசல் நடைவரைக்கும் போனார். அங்கே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பி வந்து டம்ளரை மேடையில் வைத்தார்.

"உபதேசம் வாங்கப் போறப்பவா பொய் சொல்லிட்டுப் போவாங்க?"

"அப்போ நான் குடிக்கேன்" என்று பேச்சியம்மாள் எடுத்துக்கொண்டாள்.

பத்தே முக்காலுக்கு வாசலில் கார் வந்து நின்றது. பூஜை அறையில் மணி அடித்தது. அது முடிந்ததும் அம்மா சமையல்கட்டுக்கே வந்துவிட்டார், தோளில் பையோடு.

"விளக்கேத்திட்டேன். பூஜையில வச்சதை எல்லாம் இனி எடுத்துக்கலாம்" என்றார். "காபி என்னாச்சு?"

"மெஷினு உயிரோட இல்லம்மா." என்றார் பூதலிங்கம். "பிளக் பாயிண்ட் பார்த்தேன். ஒயர் பார்த்தேன். தொட்டி பார்த்தேன். மூணு இடத்துல மாத்திப் போட்டேன். முப்பத்து நாலு வருஷத்துல இப்படி ஒண்ணு என்னை ஏமாத்தினதில்ல."

"பொத்தானை அமுக்கினீங்களா?"

"அமுக்காமலா? நூறு தடவை அமுக்கியாச்சு."

"எனக்கு முன்னால ஒரு தடவை அமுக்குங்க."

பூதலிங்கம் சுட்டுவிரலை நீட்டி, நக நுனியால் பொத்தானின் ஓரத்தில் மெதுவாக ஒரு தட்டு தட்டினார்.

"ஏன் ஓரத்துல?" என்றார் அம்மா.

"நடுவுல பொட்டு இருக்கும்மா."

இருந்தது. நேற்று ஆயுத பூஜைக்குச் சந்தனம் அரைத்தவர் அவர்தான். கடைப்பொடி அல்ல, கட்டையைக் கல்லில் இழைத்து, வெண்ணெய் போல் வழித்தது. அரிவாள்மனை, கிரைண்டர், ஏணி, கிணற்று மோட்டார், தன் டெஸ்டர் என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்தார். காபி மெஷினுக்கு நெற்றி எது என்றுதான் சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டியிருந்தது. உச்சியில் வட்டமாக, எட்டணா அகலத்துக்கு ஒரு பொத்தான் இருந்தது. அதைவிட லட்சணமான நெற்றி இல்லை என்று, மற்றதற்கெல்லாம் வைத்ததைவிட ஒரு விரல் கூடுதலாகவே அப்பினார். நடுவில் குங்குமம். அது ராத்திரியெல்லாம் காய்ந்து, பொத்தானைச் சுற்றியிருந்த சந்து முழுக்கச் சிமெண்டுப் பூச்சு மாதிரி இறுகிக் கிடந்தது.

அம்மா மேடையில் கிடந்த துணியைக் குழாயில் நனைத்தார். பிழிந்தார். பொத்தான் மேல் வைத்தார்.

"அம்மா, பூஜைப் பொட்டு" என்றார் பூதலிங்கம். கை தானாக முன்னால் போனது. "அதுவா உதிரணும். நாம துடைக்கக்கூடாது."

அம்மா அவர் முகத்தைப் பார்த்தார். துணியை எடுக்கவில்லை. சந்தனம் ஊறட்டும் என்று கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு துடைத்தார். பேச்சியம்மாளிடம் கையை நீட்ட, அவள் தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவிக் கொடுத்தாள். ஊசி முனையால் அந்தச் சந்து முழுக்க நெம்பினார். மஞ்சள் துகள் உதிர்ந்தது. 'டக்'கென்று பொத்தான் மேலே வந்தது.

"அமுக்குங்க" என்றார்.

பூதலிங்கம் நடுவில் விரலை வைத்து அமுக்கினார்.

வெள்ளை வெளிச்சம் மினுக்கி மினுக்கி, நிலையாக நின்றது.

பூதலிங்கம் குப்பியை வைத்தார், கைப்பிடியை இறக்கினார், டம்ளரை நீட்டினார். மெஷின் உறுமிக்கொண்டு காபியை இறக்கியது.

அம்மா நின்றபடியே குடித்தார்.

"பேச்சி போடுற காபிக்கு வராது" என்றார்.

"அதைச் சொல்லுங்க" என்றாள் பேச்சியம்மாள்.

வாசலில் கார்க்காரர் ஹாரனை ஒரு தடவை அடித்தார். பூதலிங்கம் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கைகளைக் கூப்பினார்.

"அம்மா, காபி குடிச்சாச்சு. உபதேசம்."

அம்மா டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார்.

"நீங்க வந்த அன்னிக்கு உங்க கையில ஒண்ணு கொடுத்தேனே ஐயா. இருக்கா?"

பூதலிங்கத்தின் முகம் மலர்ந்துபோனது. ஏழு வருஷத்தில் அம்மா அதைப் பற்றிக் கேட்பது இதுதான் முதல் தடவை.

"கண்ணு மாதிரி வச்சிருக்கேன்மா. பூஜையில இருக்கு. ஒரு வெள்ளிக்கிழமை தவறினதில்ல. மத்தவங்க மாதிரி கசக்கல, கறையாக்கல. நீங்க போட்ட முடிச்சு, போட்டபடி அப்படியே இருக்கு."

அம்மா சந்தனக் கறை படிந்த அந்த ஈரத்துணியை நாலாக மடித்தார். பூதலிங்கத்தின் கூப்பிய கைகளைப் பிரித்து, அதற்குள் வைத்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பைப் போட்டு, படி இறங்கினார். கார்க் கதவைத் திறந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"தை பிறந்ததும் வருவேன். முடிச்சுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு வந்து சொல்லுங்க. அதைப் பத்திப் பேசுவோம்."