பசித்தவருக்கு முந்தி உண்ணாத பூரணத்தம்மையார்

கொள்ளிடக் கரையிலுள்ள ஒரு சிவாலயத்தில் அன்னதானப் பாத்திரங்களைத் தேய்ப்பதே பூரணத்தம்மையாரின் திருப்பணி. ஆள் இறங்கி நிற்கிற அளவு அண்டாக்களைப் புளியும் சாம்பலும் போட்டு, ‘சிவாயநம’ என்று வாய் ஓயாமல் சொல்லித் தேய்ப்பார். அவருக்கு ஒரு விரதம் உண்டு. பசித்த ஒருவருக்குத் தம் கையால் கொடுக்காமல் தம் வாயில் ஒரு பருக்கை வைக்கமாட்டார். பந்தி முடிந்ததும் வாசலுக்கு வந்து, “சாப்பிடாதவங்க யாராச்சும் இருக்கீங்களா?” என்று கூவுவார். அதற்குப் பிறகுதான் அவருக்குச் சோறு.

அந்த அம்மையாரையா நோய் பிடிக்க வேண்டும்! முதலில் சோறு நெஞ்சில் சிக்கியது. பிறகு கஞ்சியும் சிக்கியது. கடைசியில் உமிழ்நீர்கூட இறங்கவில்லை. உணவுக்குழாயில் புற்று என்றார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? “ஊருக்கே சோறு குடுத்தவளுக்கு ஒரு வாய் இறங்க விடலை பாரு, அவ கும்பிட்ட சாமி” என்று சிரித்தார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கினார். “கெட்டுப்போன குழாயை எடுத்துட்டு, உங்க இரைப்பையையே குழாய் மாதிரி தைச்சு, மேல இழுத்துக் கழுத்துல சேர்த்துடுவோம்மா.”

“வாய்க்கும் வயித்துக்கும் இனிமே தூரமில்லைன்னு சொல்லுங்க” என்றார் அம்மையார். மகள் வளர்மதி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

அறுவை ஒரு பகல் முழுதும் நடந்தது. ஆறாம் நாள் கழுத்துத் தையல் விட்டு, விழுங்கிய எச்சில் வெளியே கசிந்தது. துணி மாற்றி மாளவில்லை. நாற்றம் தாங்காமல் பக்கத்துக் கட்டில்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். வயிற்றில் செருகிய குழாய் வழியே கஞ்சித் தண்ணீர் போயிற்று.

அப்போதாவது விரதத்தை விட்டாரா? ஆஸ்பத்திரியில் தரும் ரொட்டியை மகளை வாங்கச் சொல்லி, துணைக்கு வந்து பட்டினி கிடக்கும் யாரோ ஒருவர் கையில் கொடுத்த பிறகே குழாயைத் திறக்க விடுவார்.

“உனக்கே ஒரு சொட்டு இறங்கலை, இன்னும் என்னம்மா வீம்பு? அந்தச் சாமிக்குக் கண்ணு இருக்கா?” என்று வளர்மதி ஒருநாள் வெடித்தாள்.

“எனக்கு இறங்கலைன்னா பசிச்சவனுக்கும் இறங்கக் கூடாதாடி?” என்றார் அம்மையார்.

இருபத்தைந்தாம் நாள் டாக்டர் ஒரு தம்ளரில் நீலச் சாயம் கலந்த தண்ணீர் கொண்டுவரச் செய்தார். அதைக் குடித்துக் கழுத்துத் துணியில் நீலம் கசிந்தால் தையல் சேரவில்லை என்று பொருள். மறுபடி அறுக்க வேண்டும். அந்த உடம்பு அதைத் தாங்காது. அன்று பார்த்து ரொட்டி வரவில்லை. அம்மையார் வாயை இறுக மூடிக்கொண்டார்.

“இன்னைக்கு யாருக்கும் ஒண்ணும் குடுக்கலையே ஐயா.”

“இது சாப்பாடு இல்லம்மா, பரிசோதனை. அடுத்த கட்டிலைப் பார்த்துட்டு வரேன். அப்பவும் குடிக்கலைன்னா குழாயோடயே வீட்டுக்குப் போங்க” என்று டாக்டர் சிடுசிடுத்தார். வளர்மதி ரொட்டி வாங்கக் கடைக்கு ஓடினாள்.

நோய் வந்த நாள் முதல் அழாத அம்மையார் அப்போதுதான் அழுதார். “ஈசனே, உண்ணாமப் போனாலும் போறேன். குடுக்காம உண்ண வச்சிடாதே.”

கட்டிலின் கால்மாட்டில் சடை விழுந்த கிழவர் ஒருவர் நின்றார். “தாயே, நாக்கு வறளுது. ஏதாச்சும் குடு.”

“சாயத் தண்ணிதான் ஐயா இருக்கு.”

“நான் குடிக்காததா? குடு” என்று வாங்கிப் பாதியைக் குடித்தார். குடித்த நீலம் அவர் கழுத்துக்குக் கீழே இறங்கவில்லை. அங்கேயே நின்று ஒளிர்ந்தது. அம்மையார் பதறி, கண்ணை மூடிக் கைகூப்பினார். திறந்தபோது கால்மாட்டில் யாருமில்லை.

டாக்டரும் மகளும் திரும்பியதும் அம்மையார் மீதியைக் குடித்தார். டாக்டர் கழுத்துத் துணியைப் பிரித்து நெடுநேரம் பார்த்தார். துணி வெள்ளையாகவே இருந்தது.

“பாதித் தண்ணியை யாரும்மா குடிச்சது?” என்றாள் வளர்மதி.

“நஞ்சையே குடிச்சவர்டி” என்றார் அம்மையார்.

அதன்பின் நான்காண்டு வாழ்ந்தார். உண்டது மேலே வருமென்று சுவரில் சாய்ந்தபடியே உறங்கினார். ஒரு கைப்பிடிக்கு மேல் உண்ண முடியவில்லை. அந்தக் கைப்பிடியையும் பசித்தவருக்குப் பின்னால் நின்றே உண்ட அம்மையாருக்கு, நாமும் பின்னால் நின்று ஒரு கும்பிடு போடுவோம்.