நழுவும் இரண்டாம் கியர்

விடைபெற்றுப் போக வருகிறவர்கள் காலையில்தான் வருவார்கள். நல்லபெருமாள் மத்தியானப் பந்தி முடிந்து, இலையெல்லாம் அள்ளிக் குழியில் போட்டுவிட்டு வந்தார். அதற்கு முன்னால் வர நேரம் கிடைக்கவில்லை. பாவம், விட்டுப் போகிறேன் என்று சொல்வதற்கும் வேலை முடிந்தால்தானே ஆகும்.

உலகம்மை அடுக்களை வாசலில் உட்கார்ந்து அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, நான் போறேன்."

"எங்க அண்ணாச்சி?"

"தங்கச்சி வீட்டுக்கு. திருவேங்கடத்துக்கு."

"எப்ப வருவீய?"

"வரலை."

கீரை ஆய்கிற கை நிற்கவில்லை. அதுவே நல்லபெருமாளுக்குச் சுருக்கென்றது.

குருவே சிஷ்யரை அண்ணாச்சி என்று கூப்பிடுகிற இடம் அது ஒன்றாகத்தான் இருக்கும். உலகம்மைக்கு நாற்பதைத் தாண்டி ஒன்றிரண்டு வயது. நல்லபெருமாளுக்கு அறுபது எட்டிப் பார்க்கிறது. கடையநல்லூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் அந்த மடம். மடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓட்டுக் கட்டிடம் ஒன்று, கிணறு ஒன்று, பின்னால் சரிவில் ஏறிப் போகிற எலுமிச்சைத் தோட்டம். பசி என்று வருகிறவருக்கு மத்தியானம் ஒரு வேளை சோறு. அதற்கு மேல் அங்கே தத்துவம் கிடையாது.

மடத்தை உண்டாக்கிய பெரியசாமி கண்ணை மூடும்போது சாவியை உலகம்மை கையில் கொடுத்தார். நல்லபெருமாள் உலகம்மைக்கு முன்னாலேயே வந்தவர். ஊரில் மெக்கானிக் கடையை மூடிவிட்டு வந்தவர். மனத்தாங்கல் இல்லை என்று சொன்னால் அது பொய். ஒரு மாதம் முறுக்கிக்கொண்டு இருந்தார். பிறகு அந்த அம்மா பேச்சில் ஏதோ இருக்கிறது என்று அவருக்கே பட்டது. அன்றிலிருந்து சிஷ்யர்தான்.

"என்ன காரணம் அண்ணாச்சி?"

"அசதி."

"படுத்துத் தூங்கலாமே."

"தூங்கி எந்திரிச்சாலும் அசதிதான். எல்லாத்துக்கும் நான்தான் நிக்க வேண்டியிருக்கு. விறகு நான், மோட்டார் நான், டிராக்டர் நான். ஒரு நாள் நான் படுத்தா மேல இருக்க எலுமிச்சங்கன்னெல்லாம் தண்ணி இல்லாமக் கருகிரும். வலது தோளைத் தூக்க முடியல, சோத்தை அள்ளி வாய்க்குக் கொண்டு போறதுக்குள்ள உசுரு போவுது. இந்த அசதி எங்கேருந்துதான் வருது, நீங்களே சொல்லுங்க."

உலகம்மை ஒரு தண்டை முறித்துப் போட்டார்.

"நீங்க போயிட்டா டிராக்டரை யாரு ஓட்டுவா?"

"அதான் எனக்கும் யோசனை."

"இசக்கிமுத்துக்கு ஓட்டத் தெரியும்லா."

இசக்கிமுத்து மினி பஸ் ஓட்டியவன். பெண்டாட்டி செத்த பிறகு மடத்துக்கு வந்து ஒட்டிக்கொண்டவன். நல்ல ஓட்டுநர்தான். ஆனால் நல்லபெருமாள் அந்த டிராக்டரின் சீட்டில் அவனை உட்காரவே விட்டதில்லை.

"அவன் கைக்கு அது அடங்காது அம்மா. மேட்டுல ரெண்டாம் கியர் நழுவும். கியர் கம்பியை இழுத்துப் பிடிச்சுக்கிட்டே ஏறணும். ஒத்தைக் கையிலதான் ஸ்டியரிங். அந்தப் பக்குவம் எனக்குத்தான் தெரியும்."

"அப்ப அதைச் சரி பண்ணிக் குடுத்துட்டுப் போங்க."

போகாதீங்க அண்ணாச்சி என்று ஒரு வார்த்தை வரும் என்று நல்லபெருமாள் எதிர்பார்த்திருந்தார். வரவில்லை. இத்தனை வருடம் உழைத்ததற்கு இதுதான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு கொட்டகைக்குப் போனார்.

அது தோட்ட வேலைக்கான சின்ன டிராக்டர். ஏதோ ஒரு எஸ்டேட்டில் ஓடி ஓய்ந்து, தானமாக வந்தது. பெயிண்ட் உதிர்ந்து, எந்தக் கம்பெனி என்று அதற்கே மறந்துபோயிருக்கும். பின்னால் தண்ணீர் டிரம் ஏற்றிய டிரெய்லர். முதல் கியரில் சரிவு ஏறினால் பொழுது போய்விடும், எஞ்சினும் கொதித்துவிடும். மூன்றாவது இழுக்காது. அந்த மேட்டுக்கு இரண்டாவதுதான் விதித்தது. அது பாதி வழியில் டக்கென்று நியூட்ரலுக்குத் தாவும்.

மறுநாள் காலையில் கியர் பெட்டியைத் திறக்க ஆரம்பித்தார். உலகம்மை வந்து ஒரு காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்களுக்கு என்னத்துக்கு இந்த அழுக்கு?"

"சும்மா இருங்க, பாக்கேன்."

முதலில் ஆயிலை இறக்கினார். கறுப்பாக வந்தது. விரலில் தொட்டு வெயிலில் காட்டினால் மினுமினு என்று பொடி.

"என்னது அது?"

"இரும்புத் தூள். உள்ள எதையோ எதுவோ தின்னுக்கிட்டு இருக்கு."

மேல்மூடியைக் கழற்றினார். கியர் போட்ட இடத்தில் நிற்பதற்கு ஒரு ஸ்பிரிங், அதன் நுனியில் ஒரு குண்டு. குண்டு பள்ளத்தில் போய் உட்கார்ந்தால்தான் கியர் அசையாமல் நிற்கும். ஸ்பிரிங் இரண்டாக ஒடிந்து கிடந்தது.

"இதான். இதான் அம்மா சனியன்."

அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. இசக்கிமுத்து பஸ் ஏறிப் போய்த் தென்காசியில் ஒரு ஸ்பிரிங் வாங்கி வந்தான். உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான்.

"இது எப்ப ஒடிஞ்சிருக்கும் அண்ணாச்சி?"

"அது ஆச்சு, பத்துப் பதினோரு வருசம். பெரியசாமி இருக்கும்போதே நழுவ ஆரம்பிச்சிட்டு."

"அன்னைக்கே மாத்தியிருக்கலாமே."

"அன்னைக்கு நல்ல கோடை. முத கன்னு வச்ச புதுசு. வண்டியை நிப்பாட்ட முடியாது. சரி, இன்னைக்கு ஒரு நாள் கையில பிடிச்சுக்கிடுவோம்னு பிடிச்சேன்."

"மறுநாள்?"

"மறுநாளும் பிடிச்சேன். பழகிட்டு."

புது ஸ்பிரிங்கைப் போட்டு, டிரம்மை நிரப்பி, மேட்டில் ஏற்றிப் பார்த்தார்கள். பாதி மேட்டில் நிற்கிற வேப்பமரத்தைத் தாண்டும்போது டக். பழையபடி நியூட்ரல். டிரெய்லர் பின்னால் நகர, பிரேக்கை மிதித்து நிறுத்தினார். இறங்கி, அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். மனுசன் ஓய்ந்துபோனார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"விடுங்க அம்மா. இதுக்கு விதி முடிஞ்சிட்டு. எனக்கும்தான்."

"ஸ்பிரிங்கு ஒழுங்கா இருக்கா?"

"இருக்கு."

"அப்ப வேற எது ஒழுங்கா இல்ல?"

நல்லபெருமாள் சாயங்காலம்வரை சும்மா கிடந்தார். மறுநாள் காலையில், யாரும் கூப்பிடாமல், தானாகவே போய்ப் பெட்டியை முழுவதும் பிரித்தார். மெக்கானிக் சாதி அப்படித்தான். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது, ஸ்பேனர் பிடித்த கையும் இருக்காது.

உள்ளே இரண்டு காது வைத்த ஒரு இரும்புக் கவட்டை உண்டு. கியர் கம்பியை அசைத்தால் அந்தக் கவட்டைதான் பல்சக்கரத்தின் இடுப்பைப் பிடித்து நகர்த்தும். நகர்த்திவிட்டுச் சக்கரத்தை உரசாமல் சும்மா நிற்க வேண்டும். நல்லபெருமாள் அதை எடுத்து மண்ணெண்ணெயில் கழுவித் துணியில் துடைத்தார். துடைக்கும்போதே அவர் கை மெதுவானது.

"குடுங்க, பாப்போம்" என்று உலகம்மை வாங்கினார்.

கவட்டையின் ஒரு காது கெட்டியாக, புதுசு மாதிரி இருந்தது. மற்றது தேய்ந்து தேய்ந்து, அடுக்களையில் தோசைக்கரண்டி தேய்கிற மாதிரி, தகடாகப் போயிருந்தது.

"வயசாயிட்டு அம்மா. கழுதை தேஞ்சு கட்டெறும்பு ஆயிட்டு."

"ரெண்டு காதுக்கும் ஒரே வயசுதானே அண்ணாச்சி. ஒரு பக்கம் மட்டும் ஏன் தேஞ்சுது?"

கொட்டகைக்கு வெளியே இசக்கிமுத்து விறகு பிளந்துகொண்டிருந்தான்.

நல்லபெருமாளுக்குத் தெரியும். தெரியாமல் என்ன? கடை வைத்திருந்த காலத்தில் வண்டி பழக வருகிற ஒவ்வொருத்தனிடமும் அவரே கத்தியிருக்கிறார்: கியரைப் போட்டியா, கையை எடு, கம்பியைப் பிடிச்சுத் தொங்காத, உள்ளே கவட்டை சக்கரத்தோட உரசும். கைப் பாரம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம்தான் தேயும். தேய்ந்தால் கியர் முழுசாக விழாது. முழுசாக விழாத கியர் எத்தனை ஸ்பிரிங் போட்டாலும் நழுவும்.

"நான் பிடிச்ச பக்கம்" என்றார். "முதல்ல நழுவுதேன்னு பிடிச்சேன். பெறகு பிடிச்சதாலேயே நழுவியிருக்கு. நழுவ நழுவ இன்னும் அழுத்திப் பிடிச்சேன்."

உலகம்மை கவட்டையை அவர் கையில் திரும்பக் கொடுத்தார். திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்கு இருந்தது.

தேய்ந்த காதைப் பட்டறையில் பற்றவைத்து, கடைசல் எந்திரத்தில் கொடுத்து அளவுக்குச் சீவி வாங்கினார். அன்று சாயங்காலமே பெட்டியை மூடி, புது ஆயில் ஊற்றினார். இரண்டு வேட்டியையும் சட்டைகளையும் பையில் எடுத்து வைத்தார். பஸ் மறுநாள் மத்தியானம்.

விடிந்ததும் டிரம்மை நிரப்பிக்கொண்டு ஏறினார். வேப்பமரத்தைத் தாண்டி, உச்சிக் கன்று வரை போய்த் திரும்பினார். உலகம்மை அடிவாரத்து வரப்பில் நின்றுகொண்டிருந்தார்.

"நழுவுச்சா?"

"நழுவல."

"கையை எடுத்துப் பாத்தீயளா?"

எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. மறுபடி ஏறினார். இந்த முறை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார். மேடு தொடங்கியதும் விரல்கள் தன்னால் கம்பியை இறுக்கின. தோள் வலித்தது. வலிக்க வலிக்க இறுக்கின. உச்சிக்குப் போய்த் திரும்பி வந்து எஞ்சினை அணைத்தபோது அவர் சட்டை நனைந்திருந்தது.

"எடுக்க முடியல அம்மா. வெக்கமா இருக்கு."

"எறங்குங்க."

இறங்கினார்.

"ஏல இசக்கிமுத்து, நீ ஏறு."

இசக்கிமுத்து அவர் முகத்தைப் பார்த்தான். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அவன் ஏறி உட்கார்ந்து, இரண்டாம் கியரைப் போட்டான். போட்டதும் கையை எடுத்துவிட்டான். அவ்வளவுதான். வண்டி பாட்டுக்கு ஏறியது. பாதி மேட்டில் காதில் ஏதோ பூச்சி போலிருக்கிறது, துண்டால் தட்டிவிட்டுக்கொண்டே போனான்.

வரப்பில் நின்ற நல்லபெருமாளின் வலது கை வெறுங்காற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. உலகம்மை அதைப் பார்த்தார். பார்க்காத மாதிரி மேட்டைப் பார்த்தார்.

"நழுவுனா என்ன செய்வான் அம்மா?"

"பிரேக்கை மிதிப்பான். நீங்களும் அதைத்தானே செஞ்சீய."

வேப்பமரத்தைத் தாண்டினான். நழுவவில்லை.

"இனி யாரும் ஓட்டலாம்" என்றார் உலகம்மை. "நீங்க நிம்மதியாக் கெளம்புங்க அண்ணாச்சி."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் எத்தனையோ நாள் ஏங்கினார். யாராவது வந்து, போதும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல மாட்டார்களா என்று. இப்போது அது காதில் விழுந்தது. அசதி போகும் என்று நினைத்தார். அசதி அப்படியே இருந்தது. அதற்கு அடியில் பயம் இருந்தது. நான் இல்லாமலும் கன்றுகள் குடிக்கும் என்றால் பிறகு நான் யார் என்கிற பயம்.

"இனி நான் இங்க எதுக்கு, அப்படித்தானே?"

"நான் அப்படிச் சொல்லலையே."

"நான்தான் கேக்கேன்."

மேலே வண்டி நின்று, தண்ணீர் திறந்துவிடுகிற சத்தம் கேட்டது.

நல்லபெருமாள் தன் வலது கையை இடது கையால் பிடித்துக் கீழே இறக்கினார். விரல்களை ஒவ்வொன்றாக விரிக்க வேண்டியிருந்தது.

"அப்ப, இத்தனை வருசமா நான் பிடிச்சுக்கிட்டு இருந்தது?"

"முத நாள் பிடிச்சது வண்டிக்கு, அண்ணாச்சி. பெறகு பிடிச்சது யாருக்குன்னு நீங்கதான் சொல்லணும்."

அவர் வரப்பில் உட்கார்ந்தார். இசக்கிமுத்து காலி டிரம்மோடு இறங்கி வந்து, நிரப்பிக்கொண்டு அடுத்த நடைக்கு ஏறியபோதும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார், இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு.