கோட்டுப் பேராசிரியர்

தேசியத் தரவரிசையில் முதல் நூற்றுக்குள் வந்தால்தான் அட்மிஷன் குவியும் என்று தாளாளர் திருமேனிநாதன் தவித்துக்கொண்டிருந்தார். மாணவர் கூட்டத்துக்கு ஏற்ற எண்ணிக்கையில் ஆசிரியர்கள் கல்லூரியில் இல்லை. அதற்கு மதிப்பெண் போய்விடும். ஆகவே ஆய்வுக்குழு வந்த அன்று கல்லூரி பஸ் டிரைவர்களுக்கெல்லாம் கோட்டு மாட்டி, ஆசிரியர் அறையில் உட்கார வைத்தார்.

"குழு போறவரைக்கும் நீ பேராசிரியர். நாற்காலியை விட்டு எழுந்தே, வேலை காலி!" என்று டிரைவர் இசக்கியை மிரட்டினார்.

மாலை மணி அடித்தது. பஸ்ஸில் ஏறிய மாணவர்கள் ஹாரனை அலறவிட்டார்கள். குழுவோ ஆசிரியர் அறையை விட்டுக் கிளம்புகிற வழியாக இல்லை.

தாளாளர் ஓடிவந்து இசக்கியின் காதில், "போய் பஸ்ஸை எடுய்யா!" என்றார்.

இசக்கி உரக்கவே கேட்டான்: "எழுந்தா வேலை போயிடும்னீங்களே ஐயா, எந்த வேலை? பேராசிரியர் வேலைன்னா போகட்டும், இப்பவே பஸ்ஸை எடுத்துடறேன்."

அறையிலிருந்த மற்ற பேராசிரியர்களும் சட்டென்று எழுந்து, கோட்டுப் பையில் பஸ் சாவியைத் தேடினார்கள்.