மல்லாந்து படுத்தவர்

பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். முப்பத்தெட்டு வரை எண்ணியிருந்தார் தணிகாசலம். உள்ளே வேதகிரி அடிகளின் குறட்டை நின்று அத்தனை நேரம் ஆகியிருந்தது.

முப்பத்தொன்பதில் தொண்டை கிழிவதுபோல ஒரு சத்தம். மூச்சு திரும்பியது. சன்னலுக்கு வெளியே நின்ற கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

மேலக்குறிச்சி மடத்தில் இதற்குக் கும்பகம் என்று பெயர். யோகிகள் மூச்சை உள்ளே கட்டி நிறுத்துவார்கள். எங்கள் சாமி தூக்கத்திலேயே நிறுத்துகிறார் என்றார்கள் பக்தர்கள். வியாழக்கிழமைதோறும் வேன் பிடித்து வந்து எண்ணினார்கள். தன் வீட்டுக்காரர் குறட்டையும் இப்படித்தான் நின்று நின்று வருகிறது, அவர் காலிலும் விழ வேண்டுமா என்று ஒருத்தி கேட்டாள். அவர் கும்பகம் பண்ணுகிறாரா, பிரியாணி தின்றுவிட்டுப் படுக்கிறாரா என்றாள் பக்கத்தில் இருந்தவள். சிரிப்பு எழுந்து அடங்கியது.

தணிகாசலம் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து, ஓய்வு பெற்றபின் தீட்சை வாங்கியவர். குருவைவிட ஒன்பது வயது மூத்த சீடர். அவருடைய தம்பி இப்படித்தான் குறட்டை விட்டான். இப்படித்தான் ஒருநாள் எழாமல் போனான்.

மறுநாளே குருவை டவுனுக்கு, காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அழைத்துப் போனார். குடி உண்டா, புகை உண்டா என்று டாக்டர் கேட்டார். இரண்டும் இல்லை. கழுத்தை நாடாவால் அளந்தார். பக்தர்களின் நெய்ப்பொங்கல் அங்கே சதையாகத் திரண்டிருந்தது. மூக்குத் தண்டு ஒரு பக்கம் வளைந்திருந்தது. தினமும் போடும் தூக்க மாத்திரை தொண்டைத் தசையைத் தளர்த்தியிருந்தது. மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரிந்து வழியை அடைக்கிறது, இவர் மூச்சை நிறுத்தவில்லை, மூச்சில்லாமல் திணறுகிறார் என்றார் டாக்டர். எடை குறைய வேண்டும், மாத்திரையை நிறுத்தும் வழியைப் பார்க்க வேண்டும். முதலில் ஒருக்களித்துப் படுக்கட்டும்.

தணிகாசலம் குருவின் பனியனில் முதுகுப்பக்கம் ஒரு பை தைத்து, அதில் ரப்பர் பந்தை வைத்தார். மல்லாந்தால் உறுத்தும்.

மூன்று வியாழன் அடிகள் ஒருக்களித்துத் தூங்கினார். சத்தமில்லை. எண்ண ஒன்றுமில்லை. நாலாம் வியாழன் வேன் வரவில்லை. சாமிக்குச் சக்தி போய்விட்டதாம் என்று பூக்காரி சொல்லிவிட்டுப் போனாள்.

ஐந்தாம் வியாழன் பந்து பாயின் ஓரத்தில் கிடந்தது. சாமிக்குக் கும்பகம் திரும்பிவிட்டது என்று செய்தி பரவி, வெளியே பழையபடி கூட்டம்.

“பந்தை யார் எடுத்தது சாமி?”

“நான்தான்.”

“இப்படிப் படுத்தால் ஒருநாள் மூச்சு திரும்பாது.”

“தெரியும்.”

“இது நோய் என்று அவர்களிடம் சொல்லிவிடுகிறேன்.”

“சொல்லிப் பாரும்.”

தணிகாசலம் வெளியே போய்ச் சொன்னார். நாக்கு, தொண்டை, மாத்திரை எல்லாம் சொன்னார். பொறுமையாகக் கேட்டார்கள். ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

“கம்பவுண்டருக்கு எல்லாமே நோய்தான். உக்காருங்க, நீங்களும் எண்ணுங்க.”

அவர் உள்ளே திரும்பினார்.

“நம்பவில்லை சாமி. நீங்களே சொல்லுங்கள்.”

“முப்பது வருடம் என்னென்னவோ சொன்னேன், தணிகாசலம். கேட்க நாலு பேர் வந்தார்கள். வாயைத் திறந்து தூங்கினேன். ஊரே வந்தது.”

“ஒருக்களித்துப் படுத்தால் உயிரோடு இருக்கலாமே.”

“இருக்கலாம்” என்றார் அடிகள். தலையணையைச் சரிசெய்துகொண்டு மல்லாந்தார். “யாராக?”

2011 மார்ச் 17, வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டரை மணிக்குக் குறட்டை நின்றது. கதவைத் திறக்கப் போன தணிகாசலத்தை, கும்பகம் கலைந்துவிடும் என்று இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். எழுநூறு வரை எண்ணினார்கள்.