பூரணவல்லிக்குப் பின்னால் ஐந்து பேர்

டடக்... சொத். டடக்... சொத். காலால் மிதித்து ஓட்டும் அச்சு மிஷின் அப்படித்தான் பேசும். அப்பாவின் அச்சகம் மூடி எத்தனையோ வருஷம் ஆயிற்று. இன்றும் யாராவது கல்யாணப் பத்திரிகை நீட்டினால் எனக்கு முதலில் அந்தச் சத்தம்தான் கேட்கிறது. அடுத்து, கோணவயல் அண்ணன் தம்பிகள் ஐவரும் நினைவில் வந்து வரிசையாக நிற்கிறார்கள்.

மூத்தவர் கருத்தப்பன். அடுத்தவர் அம்பலத்தான். பிறகு சீரங்கன், உமையப்பன். கடைக்குட்டி நல்லதம்பி. ஒரு பலாப்பழம் அறுத்தால் சுளைகளை எண்ணி ஐந்து பங்காக்குவார்கள். மீந்த சுளையைக் குழி தோண்டிப் புதைத்துவிடுவார்கள். குடும்பத்தில் மனக்கசப்பு வரக்கூடாது அல்லவா?

அம்பலத்தானின் மகள் பூரணவல்லி பி.ஏ., பி.எட். அந்த ஊரில் அவளுக்கு முன் யாரும் கல்லூரியில் படித்ததில்லை. கூடப் படித்தவரோடே கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளையின் அம்மா மரகதம்மாள் தலைமையாசிரியை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"பத்திரிகையிலே பொண்ணோட பட்டம் இருக்கணும். இல்லேன்னா கல்யாணமே இல்லை."

ஐவரும் அச்சகத்துக்கு வந்தார்கள். அப்பா பொறுமையாகச் சொன்னார்: "இங்கிலீஷ்ல பட்டத்தை முழுசாப் போட இடம் பத்தாது. சுருக்கிப் போடுவோம். பேருக்குப் பின்னால ஒரு கமா, அப்புறம் எழுத்து, ஒவ்வொரு எழுத்துக்குப் பின்னாலயும் ஒரு புள்ளி. யார் யாருக்கு என்ன போடணும்னு வீட்டுல பேசி முடிச்சு எழுதிட்டு வாங்க."

அவர்கள் பேசி முடிக்க மூன்று நாள் ஆயிற்று.

"மொத்தம் நாலு எழுத்து. பி, ஏ, பி, எட்," என்று ஆரம்பித்தார் கருத்தப்பன். "யார் யாருக்கு என்ன?"

"எல்லாம் பூரணிக்குத்தானே அண்ணே?" என்றார் நல்லதம்பி.

"அதெப்படி? தினம் அவளை சைக்கிள்ல வச்சு பஸ்ஸுக்குக் கொண்டுபோனவன் எவன்?"

"அவ படிக்கிறப்ப கொசு விரட்டினது நான்," என்றார் சீரங்கன்.

"அவ பரீட்சைக்குப் போன அன்னைக்கெல்லாம் நானும் சாப்பிடலை," என்றார் உமையப்பன்.

நியாயமான பேச்சு. மூத்தவர் என்பதால் கனமான 'எட்' கருத்தப்பனுக்குப் போயிற்று. நடுவில் இருந்த மூவரும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் நல்லதம்பி வெறுங்கையோடு நின்றார்.

"அழாதடா. புள்ளியை வச்சுக்க," என்றார் அண்ணன்.

அவர்கள் எழுதிக் கொண்டுவந்த அன்று அப்பா வெளியூர் போயிருந்தார். கல்லூரி விடுமுறையில் பிழை பார்த்துக்கொண்டிருந்தவள் நான். எழுதிக் கொடுத்ததில் ஒரு புள்ளியைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்பது எங்கள் அச்சகத்தின் சட்டம். கூட்டவில்லை, குறைக்கவில்லை. 'கருத்தப்பன், எட்' என்று போட்டேன். 'நல்லதம்பி, .' என்றும் போட்டேன். மணமகள் பூரணவல்லி வெறும் பூரணவல்லியாக அச்சானாள்.

பூரணவல்லி பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பெரியப்பா, என் பேருக்குப் பின்னால ஒண்ணுமே இல்லையே?"

"ஏன் இல்லை? நாங்க இருக்கோம்லம்மா!"

அவள் அழ ஆரம்பித்தபோது மரகதம்மாள் வந்து சேர்ந்தார். ஒரு கையில் பத்திரிகை, மறு கையில் சிவப்புப் பென்சில்.

"பட்டம் எங்கேய்யா?"

"எங்கேயும் போகலைம்மா. வீட்டுலதான் இருக்கு," என்றார் அம்பலத்தான். "கூப்பிடவா?"

பூரணவல்லியை முன்னால் நிறுத்தி, அவள் முதுகுக்குப் பின்னால் வரிசை கட்டினார்கள். பி, ஏ, பி மூவரும் நின்றார்கள். எட் ஆன கருத்தப்பன் மட்டும் முரண்டு பிடித்தார்.

"மூத்தவன் நான். கடைசியிலயா நிக்கிறது?"

"இங்கிலீஷ் அப்படித்தான் அண்ணே. நம்ம கையில இல்லை."

மரகதம்மாள் பென்சிலை நீட்டி ஒவ்வொருவராகச் சரிபார்த்தார். முப்பது வருஷப் பழக்கம். கை தானாகப் போயிற்று.

"முதல் பிக்குப் பின்னால புள்ளி எங்கே?"

நல்லதம்பி ஓடிப்போய் அங்கே குந்தினார்.

"ஏ-க்குப் பின்னால?"

எழுந்து ஓடி ஏ-க்குப் பின்னால் குந்தினார். அடுத்த பி. அடுத்து எட். மூச்சு வாங்கியது.

"ம்... இப்ப சரி," என்றார் மரகதம்மாள். கண்களைத் துடைத்துக்கொண்டிருந்த மருமகளின் தோளைத் தட்டினார். "ஆனா ஒண்ணு. பட்டம் பேரை விட்டுப் பிரியவே கூடாது."

கல்யாணம் நடந்தது. அக்கினியைப் பெண்ணும் மாப்பிள்ளையும் மூன்று தடவை சுற்றினார்கள். பின்னால் நாலு எழுத்தும் சுற்றின. புள்ளி பன்னிரண்டு தடவை குந்தி எழுந்தது.

மறுவாரம் பெண்ணை அனுப்பிவைத்தபோது, பெட்டி படுக்கையோடு ஐவரும் பின்னாலேயே போனார்கள். பூரணவல்லி ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் பாடம் நடத்திய வகுப்புகளிலெல்லாம் கடைசி பெஞ்சு அவர்களுடையது.

வருஷங்கள் எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டன. முதலில் எட் போனது. காலியான இடத்துக்கு வரும்படி பூரணவல்லியே நல்லதம்பியைக் கேட்டாள். "புள்ளி இல்லாட்டி மத்த எழுத்து செல்லாதேம்மா," என்று மறுத்துவிட்டார்.

பூரணவல்லி ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. நல்லதம்பிக்கு இப்போது எண்பத்தொன்பது வயது. தினமும் காலையில் அவள் நடக்கப் போகும்போது, நாலு ஆள் இடம் விட்டுப் பின்னால் வருகிறார். அவள் நின்றால் குந்திக்கொள்கிறார்.