யார் கைச் சாண்?

கருவேலங்கோட்டையில் பங்குனி பிறந்துவிட்டால் ஊரெல்லாம் சட்டைப் பேச்சுதான். அந்த நாட்டு மல்யுத்தத்துக்குச் சட்டைப்பிடி என்று பெயர். முரட்டுத் துணியில் தைத்த சட்டையோடு இருவர் களத்தில் இறங்குவார்கள். எதிராளியின் சட்டையைப் பிடித்துத் தூக்கி, அவன் முதுகை மண்ணில் பதித்தவன் வென்றவன். அவன் ஊருக்குத்தான் அந்த வருடம் பெரிய கண்மாயின் முதல் தண்ணீர்.

பரிசல் ஓட்டும் மாசாணம் மூன்று வருடமாகத் தோற்றிருந்தான். அவன் ஊரான கீழக்குடியில் மூன்று வருடமாக நாற்று கருகியது. ஊரில் ஒருவரும் அவனைத் திட்டவில்லை. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

அவனை வீழ்த்தியவன் இடும்பன், தளவாய் மழவராயரின் மைத்துனன். நின்றால் கோவில் கதவு, உட்கார்ந்தால் நெற்குதிர்.

இந்த வருடம் போட்டிக்கு நான்கு நாள் முன்பே மாசாணம் சட்டையைச் சுருட்டிக்கொண்டு ஆனைமுகத்தைத் தேடிப் போனான். ஆனைமுகம் அரசவை விகடர். பெயரில்தான் ஆனை, ஆள் குருவி.

"போட்டுக் காட்டு" என்றார்.

போட்டான். சட்டைக் கைகள் விரலைத் தாண்டித் தொங்கின. இடுப்பில் இன்னொரு ஆள் குடியிருக்கலாம்.

"சட்டைக்குள்ளே ஆள் இருக்கிறானா என்று தேட வேண்டியிருக்கிறதே, அப்பா!"

"சிரிக்காதீங்க சாமி. இடும்பனுக்கு இதே சட்டை உடம்போடு ஒட்டி நிற்குது. எனக்குப் பிடிக்க ஒரு மடிப்பு அகப்படலை. அவனுக்கோ என் உடம்பெல்லாம் கைப்பிடி."

"யார் தைத்தது?"

"அரண்மனைத் தையற்காரர். மன்னர் ஓலைப்படி எல்லாருக்கும் ஒரே அளவாம்."

ஆனைமுகம் ஓலையின் வாசகத்தை மெல்ல முணுமுணுத்துப் பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "நாளைக்குச் சட்டைச் சோதனை. வா. நான் கேட்டால் ஒழிய வாயைத் திறக்காதே" என்றார்.

மறுநாள் சபையில் மன்னர் திருமேனிநாதர் வரிசையாக நின்ற மல்லர்களைப் பார்த்து வந்தார். மாசாணத்தின் முன்னால் நின்றார்.

"என்னப்பா, அண்ணன் சட்டையா?"

சபை சிரித்தது. மாசாணத்துக்குக் காது சுட்டது. தளவாய் முந்திக்கொண்டார்.

"ஓலைப்படி தைத்தது, மகாராசா. முன்பெல்லாம் ஆளுக்கொரு சட்டை, ஆளுக்கொரு தில்லுமுல்லு. தாங்கள் ஒரே அளவு என்று எழுதிய பிறகுதான் வழக்கு ஒழிந்தது. இதைவிட நியாயம் ஏது?"

மன்னர் மீசையைத் தடவினார். அவர் யாரையும் கேட்காமல் தாமாகவே யோசித்து எழுதிய ஓலை அது ஒன்றுதான். அதனால் அதன்மேல் தனிப் பிரியம்.

"ஓய் ஆனைமுகம், உம் முகம் ஏன் கோணுகிறது? ஓலையில் ஓர் எழுத்தையும் மாற்ற மாட்டேன். மாற்றாமல் இவனுக்குப் பொருந்தும் சட்டை தர முடியுமானால் சொல்லும்."

"எழுத்தைத் தொடவே வேண்டாம், மகாராசா. ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள்."

படித்தார்கள். "எல்லார் சட்டையும் ஒரே அளவு. கை இரண்டரைச் சாண். மார்பு ஐந்து சாண். கூடினாலும் குறைந்தாலும் களத்துக்கு வெளியே."

"அருமை! ஒரு சந்தேகம், தளவாய் அவர்களே. யார் கைச் சாண்?"

"சாண் என்றால் சாண்தான். யார் கையாக இருந்தால் என்ன?" என்றார் தளவாய்.

"சபை கேட்டுக்கொள்ளட்டும். யார் கையாக இருந்தால் என்ன!" ஆனைமுகம் கக்கத்திலிருந்து ஒரு சட்டையை எடுத்து உதறினார். "நானும் ஓலைப்படி ஒன்று தைத்தேன். கை இரண்டரைச் சாண், மார்பு ஐந்து சாண். இடும்பா, இதைப் போடப்பா."

இடும்பன் நல்ல பிள்ளை. போடு என்றால் போடுகிறவன். ஒரு கையை நுழைத்தான். முழங்கையைத் தாண்டியதும் சட்டை நின்றுவிட்டது. மறு கையையும் நுழைத்தான். இரண்டு தோளும் பின்னால் இழுபட்டன. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. பின்கட்டுக் கட்டிய கைதி மாதிரி நின்று, "மச்சான், மூக்கு அரிக்குது" என்றான்.

மன்னரே வாயைப் பொத்திக்கொண்டார்.

தளவாய் துள்ளி எழுந்தார். "இது என்ன கூத்து! உம்ம கைச் சாண் அவனுக்கு எப்படிப் பொருந்தும்? அவனவன் உடம்புக்கு அவனவன் கைதானே அளவு!"

"ஆகா!" ஆனைமுகம் இரு கையும் கூப்பினார். "இதைத் தங்கள் வாயால் கேட்கத்தான் ஒரு சட்டைத் துணியைப் பாழாக்கினேன். எண்சாண் உடம்பு என்கிறோம், மகாராசா. இடும்பனும் எட்டுச் சாண், நானும் எட்டுச் சாண். அவனவன் கையால் அளந்தால் எல்லாருக்கும் ஒரே அளவு. ஓலை அன்றைக்கே சரியாகத்தான் சொன்னது. தையற்காரர்தான் மூன்று வருடமாக எல்லாருக்கும் இடும்பன் கையையே பிடித்து அளந்துவிட்டார்."

தம் ஓலை ஜெயித்ததில் மன்னருக்குப் பரம சந்தோஷம். அங்கேயே மாசாணம் தன் கையால் சாண் போட்டான். தையற்காரர் குனிந்த தலை நிமிராமல் குறித்துக்கொண்டார்.

போட்டி நாளன்று இடும்பன் வழக்கம்போல் வலது கையை வீசினான். மூன்று வருடமாகத் தொங்கிய துணி அங்கே இல்லை. வெறுங்காற்றைப் பிடித்துத் தடுமாறியவனை, மாசாணம் சட்டைக் கழுத்தைப் பற்றி இடுப்பில் ஏற்றிப் புரட்டினான். மண் அதிர்ந்தது. கண்மாய் மடை இனித் தங்கள் பக்கம் திறக்கும் என்று கீழக்குடி சனம் கூவியது.

படுத்தபடியே இடும்பன் சிரித்தான். "மாசாணம், இத்தனை வருசமா நான் துணியைத்தான் ஜெயிச்சிருக்கேன் போல!"

மாசாணம் கை கொடுத்துத் தூக்கிவிட்டான்.

மன்னர் ஆனைமுகத்தை அழைத்தார். "உமக்குப் பத்து முழம் பட்டு. கையை நீட்டும், அளக்கச் சொல்கிறேன்."

ஆனைமுகம் தன் குட்டைக் கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"இடும்பன் கையால் அளக்கட்டும், மகாராசா."

"ஏன் ஓய், அவனவனுக்கு அவனவன் கை என்றீரே?"

"அது சட்டைக்கு. பட்டுக்குத் தளவாய் முதலில் சொன்ன நியாயமே நல்ல நியாயம். யார் கையாக இருந்தால் என்ன?"