பச்சை மை

டீக்கடையோ முடி திருத்தகமோ, எங்கே போனாலும் 'இங்கு அரசியல் பேசாதீர்கள்' என்று ஒரு பலகை தொங்கும். பூங்காவனத்தம்மாளின் குடிலில் தொங்கிய பலகை வேறு மாதிரி. 'அரசியல், காதல், விலைவாசி எதுவும் பேசலாம். பேசியதைச் சீட்டில் எழுதிப் பானையில் போட்டுவிட்டுப் போகவும். பெயர் வேண்டாம். தேவைப்படுபவர் எடுத்துக்கொள்ளலாம்.'

வாயால் பேசுவதில் நம் ஆட்கள் சூரர்கள். எழுதச் சொன்னால் பாதிப் பேர் நைசாக நழுவிவிடுவார்கள். அம்மாளின் சீடர் தெய்வநாயகம் நழுவுகிற ஆள் இல்லை. அரசு மேல்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்து மூன்று. குருவைவிடப் பதினெட்டு வயது மூத்தவர்.

தங்கம் இறங்கும் என்று ஒரு வாரம் எழுதுவார். ஏறும் என்று மறுவாரம் எழுதுவார். ஓட்டுப் போடாதவனுக்கு ரேஷனை நிறுத்த வேண்டும் என்று எழுதினார். அந்தத் தேர்தலன்று அவருக்கு முழங்கால் வலி, வாக்குச்சாவடிப் பக்கமே போகவில்லை. காதலிக்கிற பிள்ளைகளைப் பற்றி மட்டும் பத்துச் சீட்டாவது போட்டிருப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வந்தபோது முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. குடிலுக்குள் பானை உடைந்து கிடந்தது. அம்மாள் சீட்டுகளை அள்ளி அள்ளி அடுப்பில் போட்டு, சுக்குக் காப்பிக்குத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"பானைக்கு என்னம்மா ஆச்சு?"

"நான்தான் உடைச்சேன். உட்காருங்க ஐயா."

ஏன் என்று கேட்கிற நிலையில் அவர் இல்லை. அவர் தலையில் வேறு இடி விழுந்திருந்தது.

"என் பொண்ணு தேன்மொழி, சென்னையில ஒரு பையனோட பழகுறாளாம். ரெண்டு வருஷமா. எனக்கு நேத்துதான் தெரியும். அவங்க வேற ஆளுங்க. மூணு மணி பஸ்ஸுல ரெண்டு பேரும் வர்றாங்க."

"வரட்டுமே."

"நான் நிறுத்தத்துக்கு வந்து கூப்பிட்டாத்தான் இறங்குவாளாம். இல்லைன்னா அதே பஸ்ஸுல திரும்பிப் போயிடுவாளாம். அப்புறம் இந்த ஊர் மண்ணையே மிதிக்க மாட்டாளாம்."

"உங்க மனசு என்ன சொல்லுது?"

"தாயில்லாத பொண்ணும்மா. நான்தான் தலை பின்னிவிட்டு வளர்த்தேன். அவ முகம் வாடினா எனக்குச் சோறு இறங்காது." அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனா ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் சொன்னது ஒண்ணு இங்க இருக்கு. படிக்கட்டுமா?"

அம்மாள் இடுப்பில் செருகியிருந்த ஒரு சீட்டை எடுத்தார். மடிப்புகளில் கிழிந்து, வியர்வைக் கறை படிந்திருந்தது. அவர் நிதானமாகப் படித்தார்.

"'தானே மாப்பிள்ளை தேடிக்கொண்டவளைப் பெற்றவன் தலைமுழுகிவிட வேண்டும். இரண்டு மாதம் அழுவான். மூன்றாம் மாதம் மறந்துவிடுவான்.'"

தெய்வநாயகத்துக்குச் சுரீரென்று ஏறியது.

"எவன்மா அவன்? பிள்ளை பெத்தவனா? ரெண்டு மாசமாம், மூணாம் மாசம் மறந்துடுமாம். நெஞ்சுல ஈரம் இருக்கிறவன் எழுதுற எழுத்தா இது? அவனை இந்த வாசல்ல சேர்க்காதீங்க."

அம்மாள் சீட்டை அவர் கையில் கொடுத்தார்.

பச்சை மை.

தலைமை ஆசிரியர்கள் பச்சை மையில் கையெழுத்துப் போடுவது அரசாங்க வழக்கம். ஓய்வு பெற்ற பிறகும் தெய்வநாயகம் அந்தப் பேனாவை விடவில்லை. பானையில் பச்சை மையில் சீட்டுப் போட்டவர் அவர் ஒருவர்தான். சாய்ந்து நிற்கிற எழுத்துகளும் அவருடையவைதான்.

போகிற போக்கில் உதிர்த்த கருத்தை யார் ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்? மெதுவாகத்தான் பிடிபட்டது.

"மூணு வருஷம் முன்னால… பஞ்சர் கடை அங்கமுத்து பொண்ணு தானா ஒரு பையனைக் கட்டிக்கிட்டுப் போனப்ப…"

"ஆமா. ஊரே அதைத்தான் பேசிச்சு. நீங்களும் காப்பி ஆறுறதுக்குள்ள எழுதிப் போட்டீங்க. மறுநாள் அங்கமுத்து வந்தார். என்ன செய்றதுன்னு தெரியலைம்மான்னு பானைக்குள்ள கையை விட்டார். இது வந்துச்சு."

"அவர் எடுத்துட்டா போனார்?"

"பச்சை மையில இருக்கே, பெரிய ஆபீசர் யாரோ சொன்னதுன்னு கண்ணுல ஒத்திக்கிட்டு எடுத்துட்டுப் போனார். சட்டைப் பையிலயே வெச்சிருந்தாராம். பொண்ணைப் பார்க்கணும்னு தோணுறப்பல்லாம் எடுத்துப் படிச்சுட்டு, அப்படியே உட்கார்ந்துடுவாராம்."

"எத்தனை நாள்?"

"மூணு வருஷம். போன வாரம் தாங்க மாட்டாம பொண்ணு வீட்டுக்குப் போயிருக்கார். பொண்ணு கதவைத் திறந்து, 'யாரு வேணும்?'னு கேட்டுச்சாம்."

"ஐயையோ, அடையாளம் தெரியலையா?"

"தெரிஞ்சுதான் கேட்டுச்சாம்."

போன மாதம்கூட தெய்வநாயகத்தின் சைக்கிளுக்கு அங்கமுத்துதான் காற்று அடித்துக் கொடுத்தார். அந்தச் சட்டைப் பை அவர் கண் முன்னால்தான் இருந்தது.

"என்னைத் திட்டினாரா?"

"எழுதினது யாருன்னே அவருக்குத் தெரியாது. காலையில வந்து இதைத் திருப்பிக் குடுத்தார். 'எனக்கு இனி வேண்டாம்மா, வேற யாருக்காவது உதவும், பானையில போட்டுடுங்க'ன்னார்." அம்மாள் அடுப்பை ஊதிவிட்டார். "அவர் தெருவைத் தாண்டினதும் பானையை உடைச்சேன். அந்தப் பலகையை மாட்டினவ நான்தானே."

தெய்வநாயகம் சீட்டைப் பழைய மடிப்பிலேயே மடித்தார்.

"நான் சும்மா ஒரு கருத்துத்தானேம்மா எழுதினேன்."

அம்மாள் இன்னொரு பிடி சீட்டை அடுப்பில் போட்டார். பாதிக்கு மேல் பச்சையாக இருந்தது. தண்ணீர் கொதித்தது.

தூரத்து வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. தெய்வநாயகம் அதிர்ந்து எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து கை கூப்பினார்.

"நான் இப்ப என்ன செய்யணும்? நீங்க சொல்லுங்கம்மா. நீங்க என்ன சொன்னாலும் அப்படியே செய்றேன்."

அம்மாள் கையில் ஒட்டிய சாம்பலைத் தட்டிவிட்டார்.

"எழுதித் தர்றேன். எத்தனை வருஷம் பையில வெச்சிருப்பீங்க, ஐயா?"

தெய்வநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து ஓடினார். ஊர் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.